திங்கட்கிழமைக் கருவாட்டுக் குழம்பு

எனக்கு எண்பத்திரண்டு முடிந்துவிட்டது. பெற்றது ஏழு, வளர்த்தது ஆறரை. ஆறரை என்று சொன்னால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஏழில் ஒன்றையும் மண்ணுக்குக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்து முத்தியால்பேட்டையில் இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் இருந்தது? ஆனால் இரண்டாவது பெண்ணை ஏழு வயது வரைக்கும்தான் நான் வளர்த்தேன். மீதியை என் ஓரகத்தி வளர்த்தாள். அதனால் அந்தப் பெண் என் கணக்கில் அரை.

போன மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. பிரான்சில் இருக்கிறாள், அவளுக்கே பேரப்பிள்ளைகள். தமிழ் எழுத்து அவளுக்கு விட்டுப்போய் வெகுநாள் ஆகிறது. பிரெஞ்சில் எழுதியதைப் பேத்திதான் படித்துத் தமிழில் சொன்னாள். இரண்டு கேள்வி கேட்டிருந்தாள். ஒன்று சமையல் கேள்வி. இன்னொன்று என்னவென்று அது வரவேண்டிய இடத்தில் சொல்கிறேன். இரண்டுக்கும் பதிலை என் கையாலேயே எழுத உட்கார்ந்தேன், பேத்தி அதைப் பிரெஞ்சில் மாற்றி அனுப்புவாள். என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அவசரமில்லை, ஒரு நாளைக்கு ஒரு பக்கம்.

இது நடந்தது பெரிய உலகச் சண்டை வருவதற்கு நாலைந்து வருஷம் முந்தி. வீட்டுக்காரருக்கு நூல் ஆலையில் வேலை. சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார். அவருடைய அண்ணனுக்குப் பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் சர்க்கார் உத்தியோகம். எங்கள் ஊர்க்காரர்கள் நிறைய பேர் அப்போது அங்கே இருந்தார்கள். அந்த வருஷம் மூத்தாரும் ஓரகத்தியும் நீண்ட லீவில் வந்து காரைக்காலில் அவள் தாய்வீட்டில் தங்கியிருந்தார்கள்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"அண்ணனும் அண்ணியும் வராங்க. கப்பல் ஏற முன்ன ஒரு வாரம் நம்ம வூட்லதான்."

"வரட்டுமே. அதுக்கு ஏன் மூஞ்ச அந்தப் பக்கம் வச்சிக்கினு சொல்றீங்க?"

"போறப்ப நம்ம ரெண்டாவது பொண்ண இட்டுக்கினு போறாங்களாம். அண்ணி கேட்டுச்சாம். ஞானத்தாய் இல்லையா."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"இன்னாத்த சொல்றது? சரின்னேன்."

எங்கள் கிறிஸ்துவக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்துகிறவளுக்குப் பாதி உரிமை. என் பெண்ணை ஏந்தினது ஓரகத்திதான். அதற்கப்புறம் கப்பலேறிப் போனவள் அங்கே மூன்று பெற்றாள். மூன்றும் அங்கேயே மண்ணில். இப்படிப்பட்டவள் வந்து, நான் ஏந்தின பிள்ளையைக் கொடு என்று கேட்டால் எந்த வாயால் இல்லையென்பது? கோயிலில் சாமியாரிடம் போய்ச் சொன்னாலும் என்னைத்தான் கண்டிப்பார்.

வீட்டுக்காரர் ஒன்று மட்டும் சேர்த்துச் சொன்னார். "புள்ள அழுதா வேணாம்னு அண்ணன் எழுதிக்கிறாரு. தானா வரேன்னாதான் இட்டுக்கினு போவாராம். கப்பல்ல அத்தினி நாளு அழுவுற புள்ளய வச்சிக்கினு ரோதனைன்னு."

அந்த ஒரு பேச்சைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் தெருக் குழாயடியில் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். எனக்குத் தோழிகள் என்று மூன்று பேர். ஒருத்தி பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், என்னைவிட மூத்தவள், அவளை அக்கா என்பேன். ஒருத்தி எதிர்வீட்டுக்காரி. அவள் புருஷனும் என் புருஷனும் ஒரே ஆலை. அவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். மூன்றாமவள் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு துரை வீட்டில் சமைக்கிறவள். மூவரும் என் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினார்கள்.

கேட்டு முடித்ததும் மீன்கார அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "புள்ளைக்கு வயிறுதாண்டி வீடு. ஏழு நாளும் ராவுல அதுக்குப் புடிச்சதா ஆக்கிப் போடு. அம்மா சோத்த உட்டுட்டுப் போவ மாட்டேன்னு அதுவே கால உதைச்சிக்கும்."

"ஏழு நாளுக்கு ஏழு வகைக்கு நான் எங்கக்கா போவேன்?"

"நாங்க எதுக்குக் கீறோம்? சொல்லு, அதுக்கு இன்னா புடிக்கும்?"

தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் நாலு பேரும் குடத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாரத்துச் சாப்பாட்டைத் தீர்மானித்தோம். அதற்கு முன்னால் நான் ஒரு நாளும் நாளைக்கு என்ன என்று யோசித்ததே கிடையாது. இருப்பதை ஆக்குவேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு. அதற்கு உயிரை விடுவாள் என் பெண். செவ்வாய் சுறாப்புட்டு. சுறா நான் கொண்டாறேன் என்றாள் அக்கா. புதன் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும், அது எதிர்வீட்டுக்காரி யோசனை. அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் பெண் களி கேட்டு வாங்கித் தின்பாளாம். எனக்கே அது தெரியாது. வியாழன் கோழி. வெள்ளிக்கிழமை எங்களுக்கு இறைச்சி ஆகாது, நெத்திலி வறுத்து ரசம் வைப்பது என்று முடிவாயிற்று.

"இறைச்சி ஆவாது, மீனு ஆவுமா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "உங்க சாமி மீன இன்னாம்மா காய்கறின்னு நெனச்சிக்கினாரா?"

"ஏண்டி, என் பொழப்புல மண்ணப் போடாத. வெள்ளிக்கெழமையிலதான் எனக்கு யாவாரம்," என்றாள் அக்கா.

அந்த நிலைமையிலும் நான் சிரித்தேன். சமையல்காரி மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாம் புள்ளைக்கே ஆக்குனா வந்தவங்க இன்னா நெனப்பாங்க? சனிக்கெழம ஒரு நா துரை வூட்டுல செய்யற மாரி ராகூ வச்சி ரொட்டி வாங்கி வையி. நான் சொல்லித் தரேன். உன் மரியாதையும் நிக்கும்." இறைச்சியை வெண்ணெயில் வதக்கிக் காடி விட்டு வேகவைப்பதற்குத்தான் ராகூ என்று பேர். சரியென்றேன். ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக விட்டோம். அன்றைக்குப் பிள்ளையையே கேட்பது, கேட்டதை ஆக்கிப் போடுவது என்று.

குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது என் நடையே வேறாக இருந்தது. புருஷன் சரியென்று சொன்னால் சொல்லட்டும், என் அடுப்பு சொல்லாது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வந்தார்கள். ஓரகத்தி கட்டியிருந்த பட்டு நடக்கும்போதெல்லாம் சரசரவென்றது. ஆனால் முகம் ஒடுங்கிப் போயிருந்தது. என் பெண்ணைப் பார்த்ததும் தூக்கவில்லை, கட்டிக்கொள்ளவில்லை, கிட்டக்கூட அழைக்கவில்லை. தூரத்திலேயே நின்று பார்த்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவேண்டும் என்று எவ்வளவோ முயற்சி செய்தேன்.

கோயிலில் மாலை மணி அடித்து, ஜெபம் முடிந்து, இலை போட்டேன். என் பெண் கருவாட்டுக் குழம்பைப் பார்த்ததும் சப்பணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாம் தரம் சோறு கேட்டாள். கத்தரிக்காயைக் கடைசிக்கென்று ஒதுக்கி வைத்து, விரல் விரலாக நக்கித் தின்றாள். எனக்கு அப்படி ஒரு நிறைவு. ஓரகத்தி சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை கழுவினதும் பெட்டியைத் திறந்து ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, இது எப்பிடி வச்ச? மொதல்லேருந்து சொல்லு."

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் சமையலை ஒருத்தி புத்தகத்தில் எழுதுகிறாள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெந்தயம் எத்தனை, சின்ன வெங்காயத்தை அரிய வேண்டுமா தட்ட வேண்டுமா, கருவாட்டை எத்தனை தண்ணீரில் அலசுவது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் எழுதுகிற வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமையும் நோட்டு வந்தது. புதன்கிழமை களியைப் பார்த்ததும் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். "அண்ணனுக்குக் களியா?" என்று பல்லைக் கடித்தார். மூத்தாரோ உருண்டையைக் குழியாக்கிக் கீரையை அள்ளி வைத்து, "ஏழு வருசமாச்சுடா தம்பி" என்று கண் கலங்கித் தின்றார். என் பெண் அவருக்குப் போட்டியாகத் தின்றாள். சாப்பிட்டதும் பெரியப்பா மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவர் கப்பலில் பார்த்த பறக்கிற மீன் கதை சொன்னார். நான் உள்ளே களிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டே ஓரகத்திக்குக் களி கிண்டுகிற பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலையில் குழாயடியில் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரியும் சமையல்காரியும் சந்தோஷப்பட்டார்கள். மீன்கார அக்கா மட்டும் கூடையை இறக்கி வைத்தாள்.

"எதுக்குடி எழுதிக்கிறா?"

"அங்க போயி செய்யறதுக்கு."

"யாருக்கு?"

தண்ணீர் குடத்தில் நிரம்பி வழிந்தது. ஒருத்தியும் மூடவில்லை.

"அடிப் பாவி. புள்ளைய நிறுத்திக்கடின்னா நீ பாடம் நடத்திக்கினு கீறியா? இந்த நோட்டு கூடப் போச்சுன்னா அதுக்கு அங்க இன்னா கொறை? எதுக்கு அது அழுவும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று நாளாக என் கையாலேயே பிள்ளையை மூட்டை கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எதிர்வீட்டுக்காரி மெதுவாகச் சொன்னாள். "இன்னும் மிச்ச நாளு கீதே. கேட்டா மாத்திச் சொல்லிடு. நாலு மொளகான்னா பத்துன்னு சொல்லு. யாரு கண்டா?"

சமையல்காரி தலையாட்டினாள். "துரை வூட்ல எங்கிட்ட கேட்டா நானும் அப்பிடித்தான் சொல்லுவேன். இல்லாட்டி எனக்கு எங்க வேல நிக்கும்?"

அன்று கோழி. ஆக்கினேன், அள்ளிப் போட்டேன், பிள்ளை தின்றாள். ஓரகத்தி நோட்டோடு வந்தபோது தலைவலி என்று படுத்துக்கொண்டேன். நாளைக்குக் கேட்டுக்கிறேன் தங்கச்சி என்று சொல்லி என் நெற்றிக்குச் சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டாள். அவள் விரல் ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது.

வெள்ளிக்கிழமை தப்பிக்க முடியவில்லை. ரசத்தைக் கேட்டாள். மிளகு எவ்வளவு என்றாள். பத்து மடங்கு சொல்லிவிட வேண்டும் என்று வாயில் தயாராக வைத்திருந்தேன். அப்போது அவள் சொன்னாள்: "அங்க எங்களுக்குச் சமைக்க அந்த ஊரு அன்னாமியன் ஒருத்தன் இருக்கான். நான் அடுப்பண்ட போறதே இல்ல. போயி யாருக்குச் சமைக்க? இந்தப் புள்ள வந்தா நானே செய்யணும்னு ஆசையா கீது."

மிளகு கூடினால் என் பெண்ணுக்கு வயிறு எரியும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அந்த ஊரில் யார் இருக்கிறார்கள், வயிற்றில் விளக்கெண்ணெய் தடவிவிட? நான் சரியாகத்தான் சொன்னேன். நேற்றைய கோழியையும் சேர்த்துச் சொன்னேன். மிளகு கூடினால் வயிறு எரியும் என்பதையும் சொன்னேன். அவள் அதற்கு அடியில் ஒரு கோடு போட்டாள்.

சனிக்கிழமை ராகூ. அது வந்தவர்களுக்காக வைத்தது, பிள்ளைக்குப் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். ரொட்டியைக் கிழித்துக் கிழித்துத் தோய்த்துத் தின்றுவிட்டு, "பெரியம்மா, உங்க ஊர்ல இது தெனமும் கெடைக்குமா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். இன்னிக்கு ராவுக்கு உனக்கு என்னம்மா வேண்டும்? அவள் யோசிக்கவே இல்லை.

"கருவாட்டுக் கொழம்பு. பெரியம்மா வைக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரரும் சிரித்தார். ஓரகத்தி சிரிக்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் முறத்தையும் கத்தரிக்காயையும் அவள் பக்கம் நகர்த்தினேன்.

என் அடுப்பின் முன்னால் இன்னொருத்தி உட்கார, நான் கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டை விரித்து அம்மியின்மேல் வைத்திருந்தாள். வெங்காயம் வதக்கினாள், பூண்டு போட்டாள், கத்தரிக்காய் போட்டாள். புளியைக் கரைத்து ஊற்றினாள். கை பழகாத கை, ஆனால் ஒவ்வொன்றும் எழுதினபடி. பிறகு, குழம்பு இன்னும் ஒரு கொதிகூட வரவில்லை, கருவாட்டுச் சட்டியைத் தூக்கினாள்.

இப்போது போட்டால் கருவாடு கரைந்து கூழாகும், முள்ளெல்லாம் குழம்பில் ஊறும், பிள்ளை வாயில் வைக்காது. எனக்குத் தெரியும். ஓரகத்திக்குத் தெரியாது. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தால் போதும். முதல் வாயிலேயே பிள்ளை, "அம்மா வச்ச மாரி இல்ல" என்று சொல்லும். அது போதும். அழவும் செய்யும். அவ்வளவும் எனக்கு அந்த ஒரு நொடியில் தெரிந்தது.

"அக்கா, இப்ப போடாதீங்க," என்றேன்.

யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது. "கத்திரிக்கா முக்காவாசி வெந்து, எண்ணெ மேல வரட்டும். அப்பறம் போட்டு ரெண்டே கொதி. கரண்டிய உட்டுக் கெளறாதீங்க. சட்டியோட தூக்கி ஆட்டுங்க."

அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள்.

ராத்திரி என் பெண் ஒரு வாய் வைத்தாள். நான் தட்டில் கை வைக்கவில்லை. "அம்மா வச்ச மாரியே கீது," என்றாள். இன்னொரு வாய் தின்றுவிட்டு, பெரியப்பா கேட்காமலேயே, "நான் பெரியம்மாகூட சைகோன் போறேன்," என்றாள்.

அழாமல்தான் போனாள். கரையிலிருந்து கடல் பாலத்து வழியாகப் போய்ப் படகில் ஏற வேண்டும், கப்பல் தூரத்தில் நிற்கும். புதுக் கவுன் நனையக்கூடாது என்று இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு படகில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் கை ஆட்டக் கை காலியாக இல்லை. மீன்கார அக்கா மார்க்கெட்டிலிருந்து கூடையோடு ஓடி வந்தாள். கையில் ஓலையில் சுற்றின கருவாட்டுப் பொட்டலம். படகு போய்விட்டது. பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு என்னோடு வீடு வரைக்கும் நடந்தாள்.

ஐந்தாறு மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. கோயில் உபதேசியார் படித்தார். பிள்ளையின் கையெழுத்தில் நாலே வரி. திங்கட்கிழமை கருவாட்டுக் குழம்பு, செவ்வாய்க்கிழமை சுறாப்புட்டு, புதன்கிழமை களி, வியாழக்கிழமை கோழி, வெள்ளிக்கிழமை நெத்திலி, சனிக்கிழமை ராகூ, ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கருவாட்டுக் குழம்பு. அவ்வளவுதான் கடிதம். குழாயடியில் நாங்கள் போட்ட வரிசை. ஓரகத்தி அதை ஒரு நாள்கூட மாற்றவில்லை.

நானும் மாற்றவில்லை. கோழிக்கும் சுறாவுக்கும் நான் எங்கே போவேன்? முடிந்தபோது முடிந்தது. திங்கட்கிழமை மட்டும் ஒரு வாரமும் தவறவில்லை. அவள் வாயில் வைக்கிற நேரத்துக்கு நானும் வைக்கிறேன் என்று எனக்குள் ஒரு எண்ணம். அங்கே முன்னாலேயே பொழுது சாய்ந்துவிடும் என்று பிற்பாடுதான் சொன்னார்கள். மற்ற பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அவள் கடிதத்தை இன்னொருத்தர் வாயால் கேட்கப் பிடிக்காமல் எழுத்தைக் கற்றுக்கொண்டேன். கற்று முடிப்பதற்குள் சண்டை வந்தது, கப்பல் நின்றது, கடிதமும் நின்றது. மறுபடி வந்தபோது அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது. அப்புறம் பிரான்சு. இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

இப்போது கேட்டிருக்கிறாள்: பெரியம்மா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது, அந்த நோட்டு ஈரத்தில் கெட்டு எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது, கருவாட்டை எப்போது போட வேண்டும்? இது முதல் கேள்வி. இரண்டாவது: நானாகப் போனேனா அம்மா, நீங்கள் அனுப்பினீர்களா?

முதல் கேள்விக்கு மேலே எழுதிவிட்டேன். அதில் சந்தேகமே வேண்டாம், என் கை அதில் தப்பாது. இரண்டாவதற்கு ஒரு மாதமாக யோசிக்கிறேன். நீயாகத்தான் போனாய் என்று எழுதினால் பொய். நான் அனுப்பினேன் என்று எழுதினாலும் பொய். உன்னை நிறுத்தத்தான் ஆக்கினேன். பசியோடு இருந்துவிடக்கூடாது என்றும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டும் ஒரே சட்டியில் நடந்தது. அதைப் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பேத்தி வந்துவிட்டாள். இந்தாம்மா, இதை எனக்கு ஒரு தரம் படித்துக் காட்டு. எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டாம், அப்படியே படி. கருவாடு போடுகிற இடம் சரியாக விழுந்திருக்கிறதா என்று நான் கேட்க வேண்டும். உன் அத்தை அதை வைத்துத்தான் சமைக்கப்போகிறாள். மெதுவாகப் படி.